மண்புழுக்களும் பூச்சிக்கொல்லிகளும்

மண்புழுக்களில் பூச்சிக்கொல்லிகளின் விளைவுகள் என்பது மண் சூழலியலும் நச்சியலும் சந்திக்கும் ஒரு துறை ஆகும். வேளாண் நிலங்களில் இடப்படும் பூச்சிக்கொல்லிகள், பூஞ்சைக்கொல்லிகள், களைக்கொல்லிகள் ஆகியவை மண்புழுக்களை உடனடியாக எவ்வாறு தாக்குகின்றன, பல ஆண்டுகள் தொடர்ந்து தெளிக்கப்படும் நிலத்தில் எஞ்சி வாழும் புழுக்கள் எவ்வாறு மாறுகின்றன, தெளிப்பு நின்ற பின் அவை மீள்கின்றனவா என்னும் கேள்விகளை இத்துறை ஆராய்கின்றது. ஒரு மருந்து புழுவைக் கொல்கின்றதா இல்லையா என்பதே நெடுங்காலம் முதன்மைக் கேள்வியாக இருந்தது. கொல்லாத அளவிலான நஞ்சும் புழுவின் எடை, இனப்பெருக்கம், வளை தோண்டும் பழக்கம் ஆகியவற்றை மாற்றிவிடும் என்பது பின்னர் வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று.

இக்கட்டுரையில் பூச்சிக்கொல்லி என்னும் சொல் பூச்சி, பூஞ்சை, களை ஆகிய மூன்றையும் அழிக்கும் வேதிப்பொருட்களுக்குப் பொதுவாகப் பயன்படுத்தப்படுகின்றது. இலங்கையில் இப்பொருளில் பீடைநாசினி, பீடைகொல்லி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டு உழவர்கள் பொதுவாக மருந்து என்றே குறிப்பிடுவர். மண்புழுவுக்கு நாங்கூழ் என்ற பழைய பெயரும் உண்டு. அது வெளித்தள்ளும் மண் உருண்டைகளை நாங்கூழ்க் கட்டிகள் என்பர்.

மண்ணில் மண்புழுவின் பணி

மண்புழு மண்ணையும் மக்கிய இலைகளையும் உண்டு, செரித்தது போக எஞ்சியதை வெளித்தள்ளுகின்றது. இதனால் மண் கலக்கப்படுகின்றது. அதன் வளைகள் வழியே நீரும் காற்றும் கீழிறங்குகின்றன. சார்லசு டார்வின் தம் இறப்புக்கு முந்தைய ஆண்டான 1881 இல் வெளியிட்ட இறுதி நூல் மண்புழுக்களைப் பற்றியதே. அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் 1891 இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் நாடகத்தில், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து அதன் உழைப்பை வியக்கும் பகுதி இடம்பெற்றுள்ளது.

வாழும் இடத்தைக் கொண்டு மண்புழுக்களை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். முதல் வகையினது மண்ணின் மேற்பரப்பில், இலைக் குப்பையிலும் சாணத்திலும் வாழும். இரண்டாம் வகையினது மேல்மண்ணுக்குள் கிடைமட்டமாக வளை தோண்டி, மண்ணையே உண்டு வாழும். மூன்றாம் வகையினது செங்குத்தான ஆழ்ந்த வளையில் தங்கி, இரவில் மேலே வந்து இலைகளை உள்ளே இழுத்துச் செல்லும். நஞ்சுக்கு ஆளாகும் விதம் இம்மூன்றுக்கும் வேறுபடும் என்பதால் இப்பிரிவை நினைவில் கொள்வது பயனுள்ளது. இலையின் மீது படிந்த மருந்து மூன்றாம் வகையைத் தாக்கும். மண்ணோடு கலந்த குருணை மருந்து இரண்டாம் வகையைத் தாக்கும்.

நஞ்சு உட்புகும் வழிகள்

மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. ஈரமான தோலின் வழியே அது மூச்சுவிடுகின்றது. ஆக்சிசனை உள்ளே விடும் அதே தோல், மண்நீரில் கரைந்துள்ள நஞ்சையும் உள்ளே விடுகின்றது. இரண்டாவது வழி உணவுப் பாதை. நீரில் எளிதில் கரையும் வேதிப்பொருட்கள் பெரும்பாலும் தோல் வழியாகவும், மண்துகள்களோடு இறுகப் பிணைந்த பொருட்கள் கூடுதலாகக் குடல் வழியாகவும் உட்செல்லும். ஆகவே ஒரு மண்ணில் எவ்வளவு நஞ்சு உள்ளது என்பதைக் காட்டிலும், அதில் எவ்வளவு மண்நீருக்கு வரக்கூடியது என்பதே புழுவின் நிலையைத் தீர்மானிக்கின்றது. கரிமப் பொருள் நிறைந்த மண்ணில் பல மருந்துகள் பிடித்துவைக்கப்படுவதால் அங்கு நச்சுத்தன்மை குறைவாகத் தோன்றும். மணற்பாங்கான, கரிமப் பொருள் குறைந்த மண்ணில் அதே அளவு மருந்து கூடுதலான தீங்கைச் செய்யும்.

உட்புகுந்த நஞ்சைச் சமாளிக்கப் புழுவிடம் சில கருவிகள் உண்டு. குடலைச் சுற்றியுள்ள குளோரகோசன் திசு, முதுகெலும்பிகளின் கல்லீரலைப் போன்று கிளைக்கோசன் சேமிப்பிலும் நச்சு நீக்கத்திலும் பங்கேற்கின்றது. குளூட்டாதையோன் டிரான்சுபெரேசு, கார்பாக்சில் எசுத்தரேசு போன்ற நொதிகள் நஞ்சை உருமாற்றி வெளியேற்ற உதவுகின்றன. இவ்வேலைகளுக்கு ஆற்றல் செலவாகின்றது என்பது பின்வரும் பகுதிகளைப் புரிந்துகொள்ளத் தேவையான செய்தி.

டி.டி.டியும் ராபின் பறவைகளும்

மண்புழுவையும் பூச்சிக்கொல்லியையும் பற்றிய ஆய்வு பொதுமக்களின் கவனத்திற்கு வந்தது பறவைகளின் வழியாகவே. அமெரிக்காவில் எல்ம் மரங்களை அழித்துவந்த டச்சு எல்ம் நோய் ஒரு பூஞ்சையால் உண்டாவது. மரப்பட்டையில் வாழும் ஒருவகை வண்டுகள் அதனை மரத்துக்கு மரம் பரப்பின. இவ்வண்டுகளை ஒழிக்க 1950களில் பல நகரங்களில் மரங்களின் மீது டி.டி.டி. தெளிக்கப்பட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 1954 இல் தெளிப்பு தொடங்கியது. அதன் பின் வந்த இளவேனில்களில் அங்கு ராபின் பறவைகள் நடுங்கி விழுந்து இறப்பதைப் பறவையியலாளர் சார்சு வாலசு கண்டார்.

தெளித்த நாளில் அன்றி, மாதங்கள் கழித்துப் பறவைகள் ஏன் இறக்கவேண்டும்? இதற்கான விடையை இல்லினாயில் ஆய்வு செய்த ராய் பார்க்கர் 1958 இல் வெளியிட்டார். தெளிக்கப்பட்ட டி.டி.டி. இலைகளின் மீது மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டது. மழை அதனை எளிதில் கழுவவில்லை. இலையுதிர் காலத்தில் இலைகள் விழுந்தன. எல்ம் இலை மண்புழுக்கள் விரும்பி உண்ணும் இலைகளுள் ஒன்று. புழுக்கள் இலையோடு டி.டி.டியையும் உண்டு உடலில் சேமித்தன. சில புழுக்கள் இறந்தன. பல உயிரோடு இருந்தன. அடுத்த இளவேனிலில் திரும்பிவந்த ராபின்கள் அப்புழுக்களை உண்டன. பெரிய புழுக்கள் பதினொன்றை உண்டாலே ஒரு ராபின் இறப்பதற்குப் போதுமான டி.டி.டி. சேர்ந்துவிடும் என்று கணக்கிடப்பட்டது. இந்த எண்ணிக்கையை ராபின் சில நிமிடங்களிலேயே உண்டுவிடும். ரேச்சல் கார்சன் 1962 இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சியை விரிவாக எடுத்துரைத்தார். அமெரிக்காவில் டி.டி.டி.யின் வேளாண் பயன்பாடு 1972 இல் தடைசெய்யப்பட்டது.

இங்கு கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. டி.டி.டி. மண்புழுவுக்கு ஒப்பீட்டளவில் குறைந்த நச்சுத்தன்மை உடையது. புழு உடனே இறந்திருந்தால் பறவைக்கு அந்நஞ்சு சென்றிருக்காது. புழுவின் தாங்கும் திறனே உணவுச் சங்கிலியின் அடுத்த கண்ணிக்குத் தீங்காக முடிந்தது. புழு உயிரோடு இருக்கின்றது, ஆகவே மண் நலமாக உள்ளது என்று கூறுவது எல்லா நேரங்களிலும் சரியாகாது என்பதற்கு இது தக்க சான்று.

வெவ்வேறு நஞ்சுகள், வெவ்வேறு விளைவுகள்

கார்பமேட்டு வகை மருந்துகள் மண்புழுவுக்கு மிகக் கொடியவை. கார்போபியூரான், கார்பரில் ஆகியவை நரம்பில் செய்தி கடத்தலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் எசுத்தரேசு நொதியைத் தடுக்கின்றன. தாக்குண்ட புழு சுருண்டு நெளியும், உடலில் வீக்கங்கள் தோன்றும், வளையை விட்டு மேலே வந்து கிடக்கும். மேலே வந்த புழு பறவைக்கு எளிய இரை. கரிமப் பாசுபரசு மருந்துகளும் இதே நொதியைத் தடுப்பவையே. ஆயினும் அவற்றின் நச்சுத்தன்மை மருந்துக்கு மருந்து பெரிதும் வேறுபடுகின்றது. அவற்றுள் போரேட்டு குறிப்பாகக் கொடியது.

பூஞ்சையைக் கொல்லும் மருந்து புழுவை என்ன செய்யும் என்று எண்ணத் தோன்றும். 1960களின் இறுதியில் சந்தைக்கு வந்த பெனோமில் இதற்கு எதிரான எடுத்துக்காட்டு. இது மண்ணில் கார்பெண்டாசிமாக மாறுகின்றது. கார்பெண்டாசிம் உயிரணுப் பிரிதலுக்குத் தேவையான நுண்குழல்களைத் தாக்குகின்றது. இங்கிலாந்தின் ஆப்பிள் தோட்டங்களில் பெனோமில் தெளித்தபோது, இலைகளை வளைக்குள் இழுத்துச் செல்லும் பெரிய மண்புழுவான லும்பிரிக்கசு டெரசுட்ரிசு அவ்விலைகளைத் தவிர்த்தது. அதன் எண்ணிக்கையும் வீழ்ந்தது. விழுந்த இலைகள் மக்காமல் தரையில் தங்கின. ஆப்பிளின் சொறி நோயை உண்டாக்கும் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது இவ்வாறு விழுந்து கிடக்கும் இலைகளில்தான். இலைகளை மண்ணுக்குள் புதைத்துவந்த புழுக்கள் அந்நோயின் விதையைக் குறைத்துவந்தன. அந்நோய்க்கு எதிராகத் தெளிக்கப்பட்ட மருந்தோ அப்புழுக்களையே அகற்றியது. சொறி நோய்க்கு எதிராகக் கூலியின்றி உழைத்த ஒன்றை உழவர் தாமே விரட்டிய கதை இது. பெனோமிலின் தயாரிப்பை அதன் நிறுவனம் 2001 இல் நிறுத்த முடிவு செய்தது. இந்தியாவில் அது 2018 இல் தடைசெய்யப்பட்டது.

கார்பெண்டாசிமின் இப்பண்பு அறியாமல் நேர்ந்த ஒன்றாக மட்டும் இருந்துவிடவில்லை. பிரித்தானியாவில் குழிப்பந்தாட்டத் திடல்களிலும் விளையாட்டுப் புல்தரைகளிலும் நாங்கூழ்க் கட்டிகள் தோன்றாமல் இருப்பதற்காகவே அது பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்டது. அதற்கு முன்னர் குளோர்டேன் அவ்வாறு பயன்பட்டது.

செப்பு உப்புகள் தனியே குறிப்பிடத் தக்கவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1880களில் பிரான்சில் உருவானது. செம்பு ஒரு தனிமம் ஆதலால் அது சிதைவடைவதில்லை. தெளிக்கத் தெளிக்க மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே செல்லும். இங்கிலாந்தில் விசுபெக் அருகே நெடுங்காலம் செப்பு மருந்து தெளிக்கப்பட்ட பழத்தோட்டங்களில் மண்புழுக்கள் ஏறத்தாழ அற்றுப்போய், மக்காத புல்லும் இலையும் தரையின் மீது தடித்த பாய் போலப் படிந்திருந்ததை 1960களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். போர்டோ கலவை இயற்கை வேளாண்மையில் பல நாடுகளில் வரம்புக்குட்பட்டு அனுமதிக்கப்பட்ட ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 28 கிலோகிராம் செம்பு என்ற வரம்பை விதித்தது. ஆகவே இயற்கை முறை என்ற பெயர் ஒன்றே மண்புழுவுக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது.

நியோனிக்கோட்டினாய்டு வகையைச் சேர்ந்த இமிடாகுளோபிரிட்டு பற்றிப் பிரான்சின் அவிஞ்ஞோனில் நிகழ்ந்த ஆய்வுகள், கொல்லும் அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே புழுக்கள் தோண்டும் வளைகளின் நீளம் குறைவதையும், அதனால் மண்ணில் வளிமப் பரவல் குறைவதையும் காட்டின. களைக்கொல்லிகளுள் கிளைபோசேட்டு நேரடி நச்சுத்தன்மை குறைந்தது எனக் கருதப்பட்டுவந்தது. 2015 இல் வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கிளைபோசேட்டு களைக்கொல்லி தெளித்த மூன்று வாரங்களில் லும்பிரிக்கசு டெரசுட்ரிசு மேற்பரப்பில் கட்டிகள் இடுவது ஏறத்தாழ நின்றுவிட்டது. மண்ணுக்குள் வாழும் அப்போரெக்டோடியா கலிஞினோசாவின் இனப்பெருக்கம் மூன்று மாதங்களில் 56 விழுக்காடு குறைந்தது. களைக்கொல்லியின் விளைவில் எவ்வளவு நேரடி நச்சு, எவ்வளவு செடிகள் இறந்ததால் உணவும் நிழலும் மாறியதன் பயன் என்று பிரித்தறிவது கடினம்.

காலப்போக்கில் தோன்றும் விளைவுகள்

ஒரே மருந்தின் விளைவு, எப்போது பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்து வேறுபடும். முதல் சில மணி நேரங்களில் புழு நச்சு மண்ணை விட்டு விலகிச் செல்ல முயலும். இவ்விலகல் புழுவைக் காக்கின்றது. அதே வேளையில் நிலம் புழுவை இழக்கின்றது. முதல் இரு வாரங்களில் இறப்புகள் நிகழும். உயிர் தப்பியவை உணவு உண்பதைக் குறைத்து எடை இழக்கும். அடுத்த வாரங்களில் முட்டைக்கூடுகளின் எண்ணிக்கை குறையும், விந்தணுக்கள் சேதமுறும், பொரித்து வரும் குஞ்சுகள் குறையும். புழுக்கூட்டத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இக்கட்டமே. முதிர்ந்த புழு ஒன்றுகூட இறக்காத நிலத்திலும் குஞ்சு பொரிப்பது நின்றுபோனால், சில ஆண்டுகளில் அந்நிலத்தில் புழு இராது. இலை இழுக்கும் பெரிய புழுக்கள் முதிர்ச்சி அடையவே ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்பதால் அவை மெதுவாகவே ஈடுசெய்யும். சாணத்தில் வாழும் சிறிய இனங்கள் சில வாரங்களிலேயே முதிர்ந்து பெருகிவிடும்.

பழகிக்கொள்ளுதலும் அதனால் வரும் இழப்பும்

இருபது ஆண்டுகளுக்கு மேல் மருந்து தெளிக்கப்பட்ட நிலத்திலும் சில புழுக்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை எவ்வாறு வாழ்கின்றன? பிரான்சு, டென்மார்க்கு நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. நெடுங்காலம் இயற்கை முறையில் பயிரிடப்பட்ட நிலத்திலிருந்தும், இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் வேதிமுறையில் பயிரிடப்பட்ட நிலத்திலிருந்தும் அப்போரெக்டோடியா கலிஞினோசா புழுக்களை எடுத்து, இரு கூட்டத்தையும் எப்பாக்சிகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லிக்கு ஆட்படுத்தி ஒப்பிட்டனர்.

மருந்து தெளிக்கப்பட்ட நிலத்துப் புழுக்கள் நஞ்சை நீக்கும் திறனைப் பெற்றிருந்தன. நஞ்சை எதிர்கொண்டபோது அவற்றின் உடல் இயக்கம் விரைவு கொண்டு, சேமித்து வைத்த கிளைக்கோசனைச் செலவிட்டது. இதுவரை கேட்டால் புழுக்கள் வென்றுவிட்டன என்றே தோன்றும். ஆனால் நச்சு நீக்கத்திற்குச் செலவான ஆற்றல் வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்திற்கும் கிடைக்கவில்லை. தெளிக்கப்பட்ட நிலத்துப் புழுக்கள் இயல்பான எடையில் ஏறத்தாழ பாதியளவே வளர்ந்தன. அவற்றின் எண்ணிக்கையும் தெளிக்கப்படாத நிலத்தைவிடக் குறைவாகவே இருந்தது.

இங்கு இரு சொற்களைப் பிரித்தறிதல் நன்று. ஓர் உயிரி தன் வாழ்நாளுக்குள் சூழலுக்கு ஏற்ப உடலியக்கத்தை மாற்றிக்கொள்வது இணக்கம் எனப்படும். தலைமுறைகள் கடந்து, தாங்கும் மரபுப் பண்பு உடையவை மட்டும் எஞ்சுவது தகவமைவு எனப்படும். இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள பழைய செம்பு, ஆர்செனிக்குச் சுரங்கத்தின் கழிவு மண்ணில், வேற்றிடத்துப் புழுக்களைக் கொல்லும் அளவு ஆர்செனிக்கு இருந்தும் லும்பிரிக்கசு ரூபெல்லசு புழுக்கள் வாழ்கின்றன. அம்மண்ணில் நஞ்சு நூற்றாண்டுக்கு மேல் மாறாமல் இருந்தது. வயலிலோ மருந்துகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. ஒரே பருவத்தில் பல மருந்துகள் கலந்தும் தெளிக்கப்படுகின்றன. ஒன்றுக்குப் பழகிய புழு மற்றொன்றையும் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. பூச்சிகள் மருந்துக்கு எதிர்ப்பு பெறும் விரைவை மண்புழுவிடம் எதிர்பார்ப்பதும் பொருந்தாது. பூச்சியின் பல தலைமுறைகள் முடியும் காலத்தில் வயல் மண்புழுவின் ஒரு தலைமுறையே முடிகின்றது.

எச்சங்கள் மண்ணில் பழமையடைதல்

மண்ணில் விழுந்த நஞ்சும் காலப்போக்கில் மாறுகின்றது. நாட்கள் செல்லச் செல்ல அதன் ஒரு பகுதி நுண்ணுயிர்களால் சிதைகின்றது. மற்றொரு பகுதி மண்துகள்களின் நுண்துளைகளுக்குள்ளும் கரிமப் பொருளுக்குள்ளும் புகுந்து சிறைப்படுகின்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் டி.டி.டி., டையெல்டிரின் இடப்பட்ட மண்ணை எடுத்து அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஆய்வுகளில், புதிதாகக் கலந்த அதே நஞ்சைவிடப் பழைய எச்சத்திலிருந்து மண்புழுக்கள் குறைந்த அளவையே உள்வாங்கின. வேதிப் பகுப்பாய்வு காட்டும் அளவும் புழு உணரும் அளவும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும். எனினும் குறைந்த அளவு என்பது இன்மை ஆகாது. அம்மண்ணிலும் புழுக்களின் உடலில் எச்சங்கள் இருக்கவே செய்தன.

தற்காலத்து மருந்துகள் விரைவில் சிதைபவை என்பது பரவலான நம்பிக்கை. பிரான்சின் மேற்குப் பகுதியிலுள்ள பயிர்நிலங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் வேலி மரவரிசைகளிலும் எடுக்கப்பட்ட 180 மண் மாதிரிகளை ஆராய்ந்து 2021 இல் வெளியான ஆய்வு இந்நம்பிக்கையை ஐயுற வைத்தது. தேடப்பட்ட 31 வேதிப்பொருட்களில் ஒன்றேனும் எல்லா மாதிரிகளிலும் காணப்பட்டது. ஆராயப்பட்ட 155 மண்புழுக்களில் 92 விழுக்காட்டின் உடலில் ஒன்றேனும் இருந்தது. மருந்தே தெளிக்கப்படாத இடங்களின் புழுக்களும் இதற்கு விலக்கல்ல.

சோதனை முறைகள்

ஒரு மருந்துக்கு அனுமதி வழங்கும் முன் மண்புழுவின் மீது அதனைச் சோதிப்பது பல நாடுகளில் கட்டாயம். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1984 இல் வெளியிட்ட 207 ஆம் வழிகாட்டியே நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. இதன்படி 70 விழுக்காடு குவார்ட்சு மணல், 20 விழுக்காடு கயோலின் களிமண், 10 விழுக்காடு பாசிக்கரி கலந்த செயற்கை மண்ணில் மருந்தைக் கலந்து, புழுக்களை விட்டு 14 நாட்கள் கழித்து இறந்தவற்றை எண்ணுவர். பாதிப் புழுக்கள் இறக்கும் செறிவு அம்மருந்தின் நச்சளவாகக் கொள்ளப்படும். 2004 இல் வெளிவந்த 222 ஆம் வழிகாட்டி இனப்பெருக்கத்தைச் சோதிக்கின்றது. முதிர்ந்த புழுக்களை 28 நாட்கள் விட்டுவைத்து எடுத்துவிட்டு, மேலும் 28 நாட்களுக்குப் பின் பொரித்துள்ள குஞ்சுகளை எண்ணுவது இம்முறை.

இச்சோதனைகளின் மீது இரு குறைகள் கூறப்படுகின்றன. முதலாவது, சோதனைக்குப் பயன்படும் ஐசீனியா பெட்டிடா சாணத்திலும் மக்குக் குவியலிலும் வாழும் புழு. ஆய்வகத்தில் வளர்ப்பதற்கு எளிது என்பதே அது தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம். வயல் மண்ணில் அதனைக் காண்பது அரிது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் வெளியான பகுப்பாய்வு, வயலில் வாழும் லும்பிரிக்கசு டெரசுட்ரிசும் அப்போரெக்டோடியா கலிஞினோசாவும் ஐசீனியாவை விடப் பூச்சிக்கொல்லிகளால் எளிதில் பாதிக்கப்படுவதைக் காட்டியது. வயலில் இல்லாத, அதிலும் தாங்கும் திறன் கூடிய ஒரு புழுவைக் கொண்டு வயலுக்கான பாதுகாப்பு அளவை முடிவு செய்வது விந்தையே. இரண்டாவது குறை காலத்தைப் பற்றியது. எட்டு வாரச் சோதனை, இருபது ஆண்டுகள் ஆண்டுதோறும் பல மருந்துகளுக்கு ஆளாகும் புழுவைப் பற்றி மிகக் குறைவாகவே கூற இயலும். ஓராண்டு வரை நீளும் வயற்சோதனைகள் உண்டு. செலவும் உழைப்பும் மிகுதியாதலால், தொடக்கச் சோதனைகளில் ஐயம் எழுந்தால் மட்டுமே அவை மேற்கொள்ளப்படுகின்றன.

வயற்சோதனைக்கும் தனக்கே உரிய இடர் உண்டு. வேதிமுறை வயலையும் இயற்கை முறை வயலையும் ஒப்பிடும்போது மருந்து மட்டுமே வேறுபாடு அன்று. உழவின் ஆழம், தொழு உரத்தின் அளவு, பயிர்ச் சுழற்சி ஆகியவையும் வேறுபடும். ஆழ உழுவது மட்டுமே பெரிய மண்புழுக்களை வெகுவாகக் குறைத்துவிடும்.

மீட்சி

தெளிப்பு நின்றபின் புழுக்கள் திரும்புவது மூன்று வழிகளில் நிகழலாம். உயிர் தப்பியவை பெருகலாம். மண்ணில் இருந்த முட்டைக்கூடுகள் பொரிக்கலாம். அருகிலுள்ள தூய இடங்களிலிருந்து புழுக்கள் பரவி வரலாம். விரைவில் சிதையும் மருந்து ஒருமுறை மட்டும் தெளிக்கப்பட்டால் ஓரிரு பருவங்களில் எண்ணிக்கை பழைய நிலையை எட்டுவது உண்டு. செம்பு போன்று நீங்காத நஞ்சாயின் அவ்வாறு நிகழ்வதில்லை. பரவி வருதல் மிக மெதுவானது. மண்புழுக் கூட்டம் ஒன்று ஆண்டுக்குச் சில மீட்டர்களே முன்னேறும். எனவே அகன்ற வயலின் நடுப்பகுதிக்கு ஓரத்திலிருந்து புழுக்கள் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். வரப்பும் வேலியோரமும் சிறிய வயல்களில் புழுக்களின் ஒதுங்கிடங்களாக அமைகின்றன. வரப்பிலும் களைக்கொல்லி அடிக்கும் வழக்கம் இவ்வொதுங்கிடத்தையும் பாதிக்கக்கூடும்.

இந்தியாவில்

தென்னிந்தியச் சமவெளி நிலங்களில் பரவலாகக் காணப்படும் மண்புழு லாம்பிட்டோ மௌரிட்டி ஆகும். இது மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வது. மண்புழு உரத் தொட்டிகளில் வளர்க்கப்படும் யூட்ரிலசு யூசினியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். பெரியோனிக்சு எக்சுகவேட்டசு மேற்பரப்பில் வாழும் ஆசிய இனம். தொட்டியில் வளரும் மேற்பரப்பு இனங்களை வயலில் விட்டால், உணவாகும் இலைக் குப்பையும் நிழலும் இல்லாத மண்ணில் அவை நிலைப்பது அரிது. வயலில் வாழ்ந்த இனங்கள் மருந்தால் குறைந்துபோன பின், தொட்டிப் புழுக்களைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் இதனால் பொருந்தாது. மண்புழு உரம் இடுவதன் நன்மை வேறு, வயலில் மண்புழு வாழ்வது வேறு.

நெல் நாற்றங்காலிலும் வாழைக் கிழங்கின் அடியிலும் இடப்பட்டுவந்த குருணை மருந்துகள் நேரடியாக மண்ணுக்குள் செல்பவை. ஆதலால் இலைவழித் தெளிப்பைக் காட்டிலும் அவை மண்புழுவை நெருங்கித் தாக்குகின்றன. இவ்வகையில் பெருமளவு பயன்பட்ட போரேட்டின் விற்பனையும் பயன்பாடும் 2018 ஆம் ஆண்டு ஆணையின்படி 2020 திசம்பர் 31 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. கார்பரில் 2018 இலேயே தடைசெய்யப்பட்டது. எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தது. டி.டி.டி. வேளாண்மையில் 1989 இல் விலக்கப்பட்டு, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் பொதுச் சுகாதாரப் பணிக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது.

வெப்பமண்டல மண்ணில் மருந்துகள் பொதுவாக விரைவாகச் சிதைகின்றன. அதே வெப்பம் புழுவின் உடலியக்கத்தையும் விரைவுபடுத்தி, நஞ்சு உட்புகும் வேகத்தைக் கூட்டவும் செய்யும். இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பது மருந்துக்கு மருந்து, மண்ணுக்கு மண் மாறுபடும். 20 பாகை செல்சியசு வெப்பநிலையில், பாசிக்கரி கலந்த செயற்கை மண்ணில், ஐசீனியாவைக் கொண்டு பெறப்பட்ட எண்களை, கோடையில் 35 பாகையைத் தாண்டும், கரிமப் பொருள் குறைந்த செம்மண் நிலத்து லாம்பிட்டோவுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதில் எச்சரிக்கை தேவை.